‘ஞாபகம் இருக்கா?’ என்று கேட்காதீர்கள்... பெரியவர்களைக் கலகலவெனப் பேசவைக்கும் ஒரு படி அரிசி!

பெரியவர்கள் பக்கம் – வாரப் பத்தி

முதியோர் பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் ஒரு நாள் எப்படிப் போகும் தெரியுமா? காலையில் வேன் வந்து இறக்கிவிடும். பி.பி., சுகர் பார்ப்பார்கள். காபியோ கஞ்சியோ வரும். உட்கார்ந்தபடியே கொஞ்சம் கை, கால் பயிற்சி. மதியம் சாப்பாடு, ஒரு குட்டித் தூக்கம், மாலை டீ, மறுபடி வேன். இதற்கு நடுவே ‘குரூப் ஆக்டிவிட்டி’ என்று ஒரு மணி நேரம் அட்டவணையில் இருக்கும். பல இடங்களில் அந்த ஒரு மணி நேரத்தை ஓட்டுவது டிவிதான்.

எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோருடைய வயதையும் கூட்டினால் 600 தாண்டும். வயலில் நாற்று நட்டவர், பஸ் ஓட்டியவர், பள்ளிக்கூடம் நடத்தியவர், ஆறு பிள்ளைகளை வளர்த்தவர் என ஒவ்வொருவரிடமும் ஒரு புத்தகம் அளவுக்குச் செய்தி இருக்கிறது. ஆனால், அந்த அறையில் பேசிக்கொண்டிருப்பது சீரியல் மாமியார் மட்டும்தான்.

ஊழியர்கள் முயற்சி செய்யாமல் இல்லை. “வாங்க, எல்லாரும் ஜாலியா பேசலாம். பழசு எல்லாம் ஞாபகம் இருக்கா? சொல்லுங்க பார்க்கலாம்” என்று ஆரம்பிப்பார்கள். ஒருவர் சிரிப்பார். ஒருவர் ஜன்னலைப் பார்ப்பார். “என்னத்தப் பேச...” என்று ஒருவர் இழுப்பார். ஐந்து நிமிடத்தில் ரிமோட் கைக்கு வந்துவிடும். “இவங்க யாரும் பேச மாட்டாங்க சார்” என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

பெரும்பாலும் பிரச்னை பெரியவர்களிடம் இல்லை, கேட்ட கேள்வியில்தான் இருக்கிறது.

பரீட்சை வைக்காதீர்கள்!

“இன்னிக்கு என்ன கிழமை?”, “காலையில என்ன டிபன்?”, “நான் யாருன்னு தெரியுதா?” – மறதி இருக்கும் பெரியவர்களிடம் நாம் அதிகம் கேட்பது இந்த மாதிரிக் கேள்விகளைத்தான். டாக்டர் தனியாக உட்காரவைத்து இதைக் கேட்டால் அது பரிசோதனை. ஏழெட்டுப் பேர் நடுவில் கேட்டால் அது பரீட்சை. பதில் தெரியாவிட்டால் அவமானம். வாழ்நாள் முழுக்க நாலு பேருக்கு யோசனை சொன்ன ஒரு மனிதருக்கு, ‘செவ்வாயா, புதனா’ என்று தடுமாறுவது எவ்வளவு வலிக்கும்? மறுநாள் “எனக்குத் தலைவலி, நான் வரலை” என்பார். வீட்டில் அதை ‘அவருக்கு எதிலும் ஆர்வம் இல்லை’ என்று எடுத்துக்கொள்வார்கள்.

இதற்கு மாற்றாக ஒரு முறை இருக்கிறது. லேசான, நடுத்தர நிலை டிமென்ஷியா உள்ளவர்களுக்காக இங்கிலாந்தில் எய்மி ஸ்பெக்டர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் உருவாக்கிய ‘காக்னிட்டிவ் ஸ்டிமுலேஷன் தெரபி’. மூளையைத் தூண்டும் குழு உரையாடல் என்று சொல்லலாம். வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் சுமார் 45 நிமிடம், ஏழு வாரங்களில் மொத்தம் 14 அமர்வுகள். சாப்பாடு, குழந்தைப் பருவம், பணம், நாட்டு நடப்பு, வார்த்தை விளையாட்டு என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தலைப்பு. குழுவுக்குத் தாங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள், தங்களுக்கென்று ஒரு பாட்டும் வைத்துக்கொள்வார்கள்.

முதியோர் இல்லங்களிலும் பகல்நேர மையங்களிலும் இருந்த 201 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2003-ல் வெளியானது. இந்த அமர்வுகளில் கலந்துகொண்டவர்களுக்கு நினைவாற்றல் சோதனையிலும், வாழ்க்கைத் தரத்திலும் முன்னேற்றம் தெரிந்தது. டிமென்ஷியாவை இது குணப்படுத்திவிடாது. ஆனால் இருக்கும் திறமையைத் தக்கவைக்க உதவுகிறது. சென்னையில் உள்ள ‘ஸ்கார்ஃப்’ நிறுவனம் இந்த முறையை நம் ஊர்ப் பழக்கவழக்கத்துக்கு ஏற்ப மாற்றி, முன்னோட்ட ஆய்வும் செய்திருக்கிறது.

இந்த முறையின் அடிப்படை விதிகளில் ஒன்று, மறதி இல்லாத பெரியவர்களுக்கும் அப்படியே பொருந்தும். தகவலைக் கேட்காதே, அபிப்பிராயத்தைக் கேள் என்பதுதான் அது. தகவலில் சரி, தப்பு உண்டு. அபிப்பிராயத்தில் யாரும் ஃபெயில் ஆவதில்லை.

சில உதாரணங்கள்:

* “உங்க கல்யாணம் எந்த வருஷம்?” என்பதற்குப் பதிலாக, “கல்யாணச் சாப்பாட்டுல எது இருந்தா நல்ல விருந்து?”
* “இந்த நடிகர் பேர் என்ன?” என்பதற்குப் பதிலாக, “அழ வைக்கிறதுல சிவாஜியா, சண்டை போடுறதுல எம்.ஜி.ஆரா... நீங்க எந்தக் கட்சி?”
* “அப்ப அரிசி என்ன விலை?” என்பதற்குப் பதிலாக, “ரேஷன் அரிசியை ருசியா சமைக்க என்ன வழி?”

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி என்றால் இன்னும் வசதி. வார்த்தை தேடித் தடுமாறுபவர்கூட ‘சிவாஜி’ என்று ஒரே சொல்லில் பதில் சொல்லி, ஆட்டத்தில் சேர்ந்துவிடலாம்.

பழங்கதை பேசுவது வியாதி இல்லை

‘எப்பப் பார்த்தாலும் பழசையே பேசிக்கிட்டு...’ என்று வீட்டில் அலுத்துக்கொள்கிறோம். ஒரு காலத்தில் டாக்டர்களிலும் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். வயதானவர்கள் பழசைப் பேசுவது மூளை தளர்வதன் அடையாளம் என்று கருதப்பட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தக் கருத்தை மறுத்தார். வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து, அதற்கு ஓர் அர்த்தம் தேடுவது முதுமையில் இயல்பாக நடக்க வேண்டிய வேலை என்றார் அவர். வயதை வைத்து ஒருவரை மட்டம்தட்டும் மனப்பான்மைக்கு ‘ஏஜிசம்’ என்று 1969-ல் பெயர் வைத்தவரும் இவர்தான்.

இன்னொரு விஷயமும் குழுவை நடத்துபவருக்கு உதவும். பெரியவர்களிடம் வாழ்க்கைச் சம்பவங்களைச் சொல்லச் சொன்னால், ஏறக்குறைய 10 வயது முதல் 30 வயது வரை நடந்தவைதான் அதிகம் வரும் என்பதை உளவியல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இன்று 75 வயதானவருக்கு அது 1960-களும் 70-களும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், 1969-ல் மனிதன் நிலாவில் கால் வைத்த செய்தி, 1975-ல் சென்னையில் தூர்தர்ஷன் வந்தது... ஊருக்குள் முதன்முதலில் கரன்ட் வந்ததும், முதல் பம்ப் செட் ஓடியதும் இதே காலம்தான். காலையில் சாப்பிட்ட இட்லி மறந்திருக்கலாம். முதல் பல்பு எரிந்த இரவு மறந்திருக்காது.

ஒரு படி அரிசி போதும்

தலைப்பை வெறும் வாயால் சொல்வதைவிட, ஒரு பொருளைக் கையில் கொடுப்பது பல மடங்கு பலன் தரும். அஞ்சறைப் பெட்டி, அரிக்கேன் விளக்கு, பனையோலை விசிறி, பழைய இன்லேண்ட் லெட்டர் என எது கிடைத்தாலும் சரி. கை தொட்டதும் வாய் திறக்கும்.

எடுத்துக்காட்டுக்கு, ஒரு பித்தளைப் படியையும் கொஞ்சம் அரிசியையும் நடுவில் வைத்து அமர்வைத் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். “இதை எப்படி அளக்கணும்? எனக்குத் தெரியாது, யாராவது சொல்லிக் குடுங்க” என்று மட்டும் நடத்துபவர் சொல்ல வேண்டும். சொல்லிக்கொடுக்கும் இடத்தில் பெரியவர்களை உட்காரவைப்பதுதான் இதன் ரகசியம்.

ஓர் அம்மா படியை வாங்கி அரிசியை முகந்து, மேலே கையால் வழித்துவிடுவார். பக்கத்தில் இருப்பவர் சும்மா இருப்பாரா? “இப்படித் தலையைத் தட்டி அளந்தா கடைக்காரன்தான் பொழைப்பான். கோபுரமா அளக்கணும்” என்பார். முதல் படியைப் போடும்போது ‘ஒண்ணு’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று சொல்லி எண்ணத் தொடங்குவதை இன்னொருவர் ஞாபகப்படுத்துவார். எட்டு ஆழாக்கு ஒரு படி என்று கணக்கு வாத்தியார் ஒருவர் விரல் விடுவார்.

அடுத்த கேள்வி: “உங்க பக்கம் நெல்லை எதுல அளப்பாங்க?” அவ்வளவுதான், தமிழ்நாட்டு வரைபடமே விரியும். தஞ்சாவூர்க்காரர் ‘கலம்’ என்பார். திருநெல்வேலி, நாஞ்சில் நாட்டுக்காரர்கள் ‘கோட்டை’ என்பார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் ‘வள்ளம்’. “ஒரு மரக்காலுக்கு எத்தனை படி?” என்று கேட்டால் ஊருக்கு ஊர் கணக்கு மாறும். எல்லோர் பதிலும் அவரவர் ஊருக்குச் சரி! நாட்டுக்கே பொதுவாக மெட்ரிக் அளவைக் கொண்டுவந்த சட்டம் 1956-ல்தான் வந்தது. அதற்குப் பிறகும் வீட்டுக்குள் படியின் ராஜ்ஜியம் பல காலம் நடந்தது.

ஆண்களே பேசிக்கொண்டிருந்தால் ஒரு கேள்வியில் பந்தைப் பெண்கள் பக்கம் தள்ளலாம். “சிறுவாட்டுக் காசை எங்கே ஒளிச்சு வைப்பீங்க?” அரிசிப் பானை, கடுகு டப்பா, சாமி படத்துக்குப் பின்னால் என்று வரிசையாக வரும். சிரிப்புச் சத்தம் சமையலறை வரை கேட்கும். கூடவே, அந்தக் காசில்தான் மகளின் காலேஜ் ஃபீஸ் கட்டியது, புருஷனுக்குத் தெரியாமல் அம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தது என்று, குடும்பத்தினரே கேட்டிராத செய்திகளும் வரலாம்.

எல்லோருக்கும் பொற்காலம் இல்லை

ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும். ‘அந்தக் காலம் போல வருமா?’ என்று நடத்துபவரே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. அதே படி, மளிகைக் கடை நடத்திய வீட்டில் ஒரு நினைவு. கூலியாக நெல் வாங்கிய வீட்டில் வேறு நினைவு. கூடுதல் கூலிக்காக விவசாயத் தொழிலாளர்கள் போராடிய கீழவெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசையோடு எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூடுதலாகக் கேட்ட கூலி, படிக் கணக்கில் அளக்கும் நெல்தான். அந்தக் காலத்தைப் பசியோடு கடந்தவர் ஒருவர் வட்டத்தில் இருக்கலாம். “எங்க வீட்டுல படி நெறஞ்சதே இல்ல தம்பி” என்று அவர் சொன்னால், ‘சரி சரி, சந்தோஷமா பேசுவோம்’ என்று வாயை அடைக்காதீர்கள். “அப்ப எப்படிச் சமாளிச்சீங்கய்யா?” என்று கேளுங்கள். மற்றவர்களும் காது கொடுப்பார்கள். அன்றைய அமர்வின் மிக முக்கியமான ஐந்து நிமிடம் அதுவாகக்கூட இருக்கலாம்.

அதேபோல, ‘எந்த ஊரு?’ என்ற கேள்வி நம் ஊரில் ‘எந்தத் தெரு? என்ன ஆளுங்க?’ என்று நீளும் அபாயம் உண்டு. அங்கே மட்டும் தயவுதாட்சண்யம் வேண்டாம். “அந்தப் பேச்சு இங்க வேண்டாம்யா” என்று முதல் முறையே பணிவாக, தெளிவாக நிறுத்திவிட வேண்டும். ‘எத்தனை பிள்ளைங்க?’, ‘பையன் பார்க்க வர்றானா?’ போன்றவற்றையும் பொதுவில் கேட்காதீர்கள். பிள்ளை இல்லாதவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர், கல்யாணமே செய்துகொள்ளாதவர் அங்கே இருப்பார்கள்.

நாற்காலியில் தொடங்குங்கள்

நல்ல கேள்வி மட்டும் போதாது. பேச்சு காதில் விழ வேண்டுமே!

* எத்தனை பேர்? ஆறிலிருந்து எட்டுப் பேர் சரியான அளவு. இருபது பேர் என்றால் அது மீட்டிங். இரண்டு வட்டமாகப் பிரித்துவிடலாம்.

* எப்படி உட்காருவது? வரிசையாகச் சுவரோரம் போட்ட நாற்காலிகளில் பேச்சு நகராது. லாடம் மாதிரி வளைத்துப் போடுங்கள். எல்லோர் முகமும் எல்லோருக்கும் தெரிய வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நடத்துபவர் உட்கார்ந்தால் அவர் முகம் இருட்டாகிவிடும். வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவர்களுக்குச் சிரமம்.

* சத்தம்: டிவியை மியூட்டில் போடாமல் முழுதாக அணைத்துவிடுங்கள். கடகடவென ஓடும் ஃபேனைக் குறையுங்கள். வயதானால் பெரும்பாலும் முதலில் குறைவது கீச்சென்ற உயர் ஒலிகளைக் கேட்கும் திறன். அதனால் கத்துவதைவிட, நிதானமாக, கொஞ்சம் கனத்த குரலில் பேசுவது நன்றாக விளங்கும். காது மெஷினில் பேட்டரி இருக்கிறதா என்பதையும் முன்னதாகவே பாருங்கள். டிமென்ஷியா ஆபத்தைக் கூட்டும், ஆனால் நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளை லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் பட்டியலிட்டது. அதில் கவனிக்காமல் விட்ட காது கேளாமையும், ஆள் துணையின்றித் தனித்துப்போவதும் இருக்கின்றன.

* நேரம்: சாப்பிட்டதும் தூக்கம் வரும். காலை 10.30 மணி வாக்கில் வைத்துக்கொள்வது நல்லது. சில பி.பி. மாத்திரைகள் அடிக்கடி சிறுநீர் கழிக்கவைக்கும். நடுவில் எழுந்து போவதில் சங்கடம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

* எப்படிக் கூப்பிடுவது? எல்லோருமே ‘பாட்டி, தாத்தா’ இல்லை. 35 வருடம் தலைமை ஆசிரியையாக இருந்தவருக்கு ‘டீச்சர்’ என்று கூப்பிட்டால் முதுகு நிமிரும். ஒவ்வொருவரிடமும் கேட்டு, அவர் விரும்பும்படியே அழையுங்கள். ‘சமத்து’, ‘குட் கேர்ள்’ எல்லாம் வேண்டவே வேண்டாம்.

நடுவில் சிக்கல் வந்தால்...

*ஒருவரே பேசிக்கொண்டிருக்கிறாரா?* பொருள் யார் கையில் இருக்கிறதோ அவர் பேசலாம் என்று ஒரு விதி போடுங்கள். “சார், நீங்க சொன்னதுக்கு அந்த அம்மா என்ன சொல்றாங்கன்னு கேட்போமா?” என்று படியை அடுத்தவர் கைக்கு மாற்றிவிடலாம். அவருக்கு வேண்டுமானால் போர்டில் எழுதும் பொறுப்பைக் கொடுங்கள்.

*ஒருவர் பேசுவதே இல்லையா?* வற்புறுத்த வேண்டாம். அரிசியைக் கையில் அளையட்டும். தலையசைப்பும் பங்கெடுப்புதான். கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணிப் பாருங்கள். பதில் வர அவ்வளவு நேரம் ஆகலாம். நாம் மூன்று எண்ணுவதற்குள் அடுத்தவரிடம் போய்விடுகிறோம்.

*சொன்னதையே சொல்கிறாரா?* ‘இதை அப்பவே சொல்லிட்டீங்க’ என்பது அடி மாதிரி விழும். அதே கதையில் புதிதாக ஒரு கேள்வி கேளுங்கள். “அந்தக் கடை எந்தப் பக்கம் இருந்துச்சு?” கதை ஓர் அடி முன்னால் நகரும்.

*தப்பாகச் சொல்கிறாரா?* வருடம், விலை, பெயர் தப்பினால் விட்டுவிடுங்கள். அது வரலாற்று வகுப்பு இல்லை. மாத்திரை, உணவு விஷயத்தில் மட்டும் பிறகு தனியாகத் திருத்தலாம்.

*அழுதுவிட்டாரா?* பதற வேண்டாம். ‘அழாதீங்க’ என்று அவசரமாகப் பேச்சை மாற்றவும் வேண்டாம். கொஞ்சம் அமைதி, ஒரு டம்ளர் தண்ணீர். “அவங்களைப் பத்தி இன்னும் சொல்றீங்களா, இல்ல அப்புறம் பேசலாமா?” என்று கேட்டு அவர் விருப்பப்படி விடுங்கள். பல சமயம் பக்கத்து நாற்காலியில் இருப்பவரே கையைப் பிடித்துக்கொள்வார். நம்மைவிட அவருக்குத்தான் அது நன்றாகத் தெரியும். அழுகை பல நாள் தொடர்ந்தாலோ, சாப்பாடு தூக்கம் கெட்டாலோ வீட்டினரிடமும் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும்.

*அரசியல் சண்டையா?* கொஞ்சம் சூடு நல்லது, தூக்கம் கலையும்! குரல் உயர்ந்தால் மட்டும், “இதுல நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போற விஷயம் ஒண்ணு சொல்லுங்க” என்று கேட்டுப் பாருங்கள்.

முடிக்கும்போது, அன்று கேட்டதில் ஒவ்வொருவர் சொன்னதிலிருந்தும் ஒரு விஷயத்தை, அவர் பெயரோடு திருப்பிச் சொல்லுங்கள். “டீச்சர் எட்டு ஆழாக்குக் கணக்குச் சொன்னாங்க, ஐயா லாபம்னு எண்ணச் சொல்லிக் குடுத்தார்...” தான் சொன்னது ஒருவர் காதில் விழுந்திருக்கிறது என்பது தெரிந்தால்தான் அடுத்த வாரமும் சொல்லத் தோன்றும். அடுத்த தலைப்பையும் அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்கு மேல் 60 வயதைக் கடந்திருந்தார்கள். எல்லோரும் மையத்துக்குப் போவதில்லை. போகிறவர்களும் மாலையில் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். “இன்னிக்கு என்ன பண்ணீங்க?” என்று கேட்டால் “ஒண்ணும் இல்ல” என்றுதான் பதில் வரும், ஸ்கூல் பிள்ளைகள் சொல்வது மாதிரியே. மையத்தில் அன்று என்ன தலைப்பு என்பதை ஊழியரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டு வைத்துக்கொண்டு, இரவுச் சாப்பாட்டில் “ஏம்ப்பா, மரக்கால்னா எவ்வளவு பெருசு இருக்கும்?” என்று பேத்தியை விட்டுக் கேட்கவையுங்கள். அனுமதி கேட்டுவிட்டு மொபைலில் பதிவு செய்தும் வைக்கலாம். பல வீடுகளில் ஆள் போன பிறகுதான் அந்தக் குரல் எங்கேயும் இல்லை என்பது உறைக்கிறது.

பகல்நேர மையம் பற்றித் தகவல் தேடுபவர்கள், மூத்த குடிமக்களுக்கான தேசிய ஹெல்ப்லைன் 14567-ஐக் கட்டணமின்றி அழைக்கலாம். மையத்தைப் பார்க்கப் போகும்போது பாத்ரூம், படுக்கை, சாப்பாடு எல்லாம் பாருங்கள். கூடவே, காலை 11 மணிக்கு அந்தப் பெரிய அறையில் யார் குரல் கேட்கிறது என்பதையும் கவனியுங்கள்.

இந்த வாரம் கேட்க ஒரு கேள்வி: “நீங்க முதன்முதலா சம்பாதிச்ச காசுல என்ன வாங்கினீங்க? அது சரியான செலவா, வீண் செலவா?”

*(அடுத்த வாரம்: காது சரியாகக் கேட்காத பெரியவரிடம் போனில் பேசுவது எப்படி?)*